குழுவறையில் உயர்ந்த கைகள்

சட்டம் எங்கே பிறக்கின்றது என்று மாணவன் ஒருவனைக் கேட்டால், பாராளுமன்றத்தில் என்று அவன் தயங்காது விடை கூறுவான். விடை பிழையன்று, ஆயினும் நிறைவானதுமன்று. மாமன்றத்தில் நிகழ்வது பெரும்பாலும் பெயர்சூட்டு விழாவே. பிள்ளை பிறப்பது வேறோர் இடத்தில். நீண்ட மேசை ஒன்றும் எட்டுப்பத்து நாற்காலிகளும் கொண்ட சிற்றறை அது. அங்கே பேச்சாளரின் முழக்கம் இல்லை, கைதட்டலும் இல்லை. மசோதாவின் வாசகத்தைப் பிரிவு பிரிவாக, வரி வரியாகப் புரட்டிப் பார்த்து, இந்தச் சொல் நிற்கட்டும், அந்தச் சொல் போகட்டும் என்று சிலர் கையுயர்த்துகின்றனர். 'செய்தல் வேண்டும்' என்றிருந்த இடத்திற் 'செய்யலாம்' என்று ஆகிவிடுகின்றது. அந்த ஒரு சொல்லின் மாற்றத்தால் ஓர் ஊருக்குப் பாதை கிடைப்பதும் உண்டு. கிடையாது போவதும் உண்டு.

இலக்கியப் பகுதியிற் சட்டத்துக்கு என்ன வேலை என்று அன்பர் சிலர் வினவக்கூடும். சொல்லின் பொருளை ஆராய்வதே இலக்கிய மாணவனின் தொழிலாயின், சொல்லால் மனிதர் வாழ்வும் தாழ்வும் அடைகின்ற இடம் அவனது ஆராய்ச்சிக்குப் புறம்பாகுமா? அதிலும், தெல்தோட்டை மலைப்புறத்தில் நின்று நாட்டு வரலாற்றை நோக்குவோர்க்கு இவ்வாராய்ச்சி மிகவும் வேண்டியதாகும்.

தெல்தோட்டை கண்டி மாவட்டத்து ஹேவாஹெட்டை மலைகளின் நடுவே அமைந்த ஊர். அதற்கு அணித்தான லூல்கந்துரைத் தோட்டத்திலேதான் ஜேம்ஸ் டெயிலர் என்னும் ஸ்கொத்லாந்துக்காரர் 1867ஆம் ஆண்டில் 19 ஏக்கர் நிலத்தில் தேயிலையைப் பயிரிட்டு, இலங்கையின் தேயிலை வாணிகத்துக்கு வித்திட்டார். 'அருள்வாக்கி' எனப் போற்றப்பெற்ற அப்துல் காதிறுப் புலவர் தோன்றித் தமிழ் பாடியதும் இந்தப் பகுதியிலேதான். கண்டிக் கலம்பகம் அவர் நூல்களுள் ஒன்று. தோட்டங்களிலே தமிழ்த் தொழிலாளர், கடைத்தெருவிலும் அதைச் சூழவும் முஸ்லிம் மக்கள், பள்ளத்தாக்குக் கிராமங்களிலே சிங்கள உழவர் என மூவினத்தாரும் ஒரே பாதையில் நடந்து திரியும் ஊர் இது. ஆயினும் அம்மூவரும் ஒரே சட்டத்தின்கீழ் ஒரே வகையான குடிகளாக எண்ணப்படாத காலம் ஒன்று இருந்தது. அக்காலம் குறுகியதுமன்று.

வாரியமும் குழுவும்

குழு அமைத்துக் கருமம் ஆற்றுதல் தமிழர்க்குப் புதியதன்று. முதலாம் பராந்தக சோழன் காலத்தில், கி.பி. 919, 921 ஆகிய ஆண்டுகளிற் பொறிக்கப்பெற்ற உத்தரமேரூர்க் கல்வெட்டுகளை ஆசிரியர்கள் நன்கு அறிவர். ஊரை 30 குடும்புகளாகப் பகுத்து, தகுதியுடையோர் பெயர்களை ஓலையில் எழுதிக் குடத்தில் இட்டு, சிறுவன் ஒருவனைக் கொண்டு எடுப்பித்தனர். சம்வத்சர வாரியத்துக்குப் பன்னிருவர், தோட்ட வாரியத்துக்குப் பன்னிருவர், ஏரி வாரியத்துக்கு அறுவர் என அமர்த்தினர். கணக்குக் காட்டாதவனும் அவன் உறவினரும் வாரியத்துக்கு ஆகார் என்ற விதி இன்றும் நம்மை வியக்க வைப்பது.

ஆயினும் வியப்போடு நின்றுவிடுதல் ஆராய்ச்சியாகாது. குடவோலை என்பது திருவுளச்சீட்டு. மக்கள் அளித்த வாக்கன்று. நிலமும் மனையும் வேதக் கல்வியும் உடையோரே அவ்வோலையில் இடம்பெற்றனர். ஏரியைத் தூர்வாரியவன் பெயர் ஏரி வாரியத்துக் குடத்தினுள் விழுந்ததில்லை. தோட்ட வாரியம் என்ற பெயரைக் கேட்கும்போது மலைநாட்டவர் உள்ளத்தில் ஒரு முறுவல் எழுவது இயல்பு. தோட்டத்தைப் பற்றி முடிவு செய்யும் குழுவிலே தோட்டத்தில் உழைப்பவனுக்கு இடம் உண்டா என்ற கேள்வி பத்தாம் நூற்றாண்டுக்கு உரியதாயினும், இருபதாம் நூற்றாண்டிலும் அது முதுமை எய்தவில்லை.

ஏழு அறைகள்

1927இல் அமர்த்தப்பெற்று இலங்கைக்கு வந்த டொனமூர்ப் பிரபுவின் ஆணைக்குழு, மறு ஆண்டு வெளியிட்ட அறிக்கையில் இரு பெரும் புதுமைகளை விதந்துரைத்தது. ஒன்று, வயதுவந்தோர் யாவர்க்கும் வாக்குரிமை. மற்றொன்று, குழுக்களால் நாட்டை ஆளும் முறை. இலண்டன் மாநகரக் கவுண்டி சபையின் குழுமுறையை ஒத்தது அது. சட்டநிரூபண சபையில் இத்திட்டம் 1929 டிசம்பரில் வாக்குக்கு விடப்பட்டபோது ஆதரித்தோர் 19 பேர். எதிர்த்தோர் 17 பேர். இரண்டே வாக்குகளின் வேற்றுமையால் இத்தீவின் ஆணும் பெண்ணும், கற்றவரும் கல்லாதவரும் வாக்காளராயினர் என்பதை எண்ணுந்தோறும் ஒற்றை வாக்கின் பெறுமதி விளங்கும்.

1931இல் அரசாங்க சபை கூடிற்று. தேர்தலால் வருவோர் 50 பேர், நியமனம் பெறுவோர் எண்மர், ஆட்சி அலுவலர் மூவர் என 61 பேரைக் கொண்டது சபையின் அமைப்பு. யாழ்ப்பாணத்தார் அத்தேர்தலைப் பகிஷ்கரித்தமையால் வடக்கில் நான்கு ஆசனங்கள் வெறுமையாய்க் கிடந்தன. ஆட்சி அலுவலர் மூவர் நீங்கலாக எஞ்சிய உறுப்பினர் இரகசிய வாக்கெடுப்பினால் ஏழு நிர்வாகக் குழுக்களாகப் பிரிந்தனர்: உள்நாட்டலுவல், விவசாயமும் காணியும், உள்ளூராட்சி, சுகாதாரம், தொழில் கைத்தொழில் வர்த்தகம், கல்வி, போக்குவரத்தும் பொதுவேலையும். ஒவ்வொரு குழுவும் தன் தலைவரைத் தானே தேர்ந்தது, அத்தலைவரே மந்திரி. கட்சித் தலைவரின் கட்டளைக்குக் காத்திருக்கும் உறுப்பினர் அங்கே இல்லை. தன் குழுவிலேயே வாக்குத் தோற்று, தமக்கு உடன்பாடில்லாத முடிவைச் சபையில் எடுத்துரைக்க வேண்டிய நிலையும் மந்திரிக்கு ஏற்படக்கூடும். இம்முறையை இகழ்ந்தோர் பலர். கூட்டுப்பொறுப்பு இல்லை என்பது அவர்தம் குறை. அக்குறை உண்மையே. ஆயினும் ஆட்சிக்கலையை எல்லா உறுப்பினரும் கைப்பழக்கமாகக் கற்றுக்கொண்ட பள்ளிக்கூடமாக அக்குழுக்கள் விளங்கின என்பதும் உண்மையே.

அம்முதற் சபையில், தொழில் கைத்தொழில் வர்த்தகக் குழுவின் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பெற்றவர் அட்டன் தொகுதி உறுப்பினரான பெரி. சுந்தரம் அவர்கள். கண்டித் திரித்துவக் கல்லூரியிற் பயின்ற வழக்கறிஞர். சேர் பொன்னம்பலம் அருணாசலம் அவர்களோடு சேர்ந்து தொழிலாளர் நலனுக்காக 1919 முதற்கொண்டு உழைத்தவர். மலையகத் தமிழர் சமூகத்தைச் சேர்ந்த ஒருவர் மந்திரியானது ஆளுநரின் கருணையினாலன்று. பல இனத்தவரும் அமர்ந்த குழுவறை ஒன்றிற் சக உறுப்பினர் அளித்த வாக்கினால். 1934ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கத் தொழிலாளர் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டமும், 1935ஆம் ஆண்டின் 14ஆம் இலக்கத் தொழிற்சங்கக் கட்டளைச் சட்டமும் அக்குழுவின் காலத்தவை. வேலைத்தலத்தில் விபத்துற்றவன் நட்டஈடு கேட்கலாம், உழைப்போர் கூடிச் சங்கம் அமைக்கலாம் என்ற நிலை ஏட்டில் ஏறிய காலம் அது.

ஏட்டில் ஏறியது தோட்டத்துக்கு இறங்கிவரச் சில ஆண்டுகள் சென்றன. ஹேவாஹெட்டைப் பகுதி முல்லோயாத் தோட்டத்திற் கூலி உயர்வு கேட்டு வேலைநிறுத்தம் செய்தோர்மீது 1940 ஜனவரி 10ஆம் நாள் பொலிசார் சுட்டனர். கோவிந்தன் என்னும் தொழிலாளி உயிர் நீத்தார். அதனையொட்டி எழுந்த வழக்குகள் தொடர்பாக உள்நாட்டு மந்திரிக்கும் பொலிஸ் மா அதிபருக்கும் பிணக்கு உண்டாயிற்று. ஆளுநர் பொலிசின் பக்கம் நின்றார். மந்திரிகள் பதவி துறந்தனர். பின்னர் மீண்டும் பதவியேற்றனர். தெல்தோட்டைக்கு அயலிலே சிந்திய ஒருவன் குருதி, கொழும்பிலே மந்திரிசபை முழுவதையும் அசைத்தது வரலாறு.

முப்பத்தைந்தின் கணக்கு

குழுமுறையின் மறுபக்கத்தை 1936 காட்டிற்று. இங்கே மாணவர்கள் சற்றே கணக்குப் போட்டுப் பார்த்தல் நன்று. 58 உறுப்பினர் ஏழு குழுக்களாகப் பிரியின், ஐந்து குழுக்களில் எண்மரும் இரண்டிலே ஒன்பதின்மரும் அமைவர். எண்மரிலும் சரி, ஒன்பதின்மரிலும் சரி, பெரும்பான்மைக்கு வேண்டுவது ஐவரே. ஐயேழு முப்பத்தைந்து. ஆகவே முப்பத்தைந்து பேர் ஒருமனப்பட்டு, ஒவ்வொரு குழுவிலும் ஐவராகத் தம்மைப் பகிர்ந்து அமர்த்திக்கொள்வாராயின், ஏழு தலைமையும் அவர்க்கே உரியதாகும். எஞ்சிய இருபத்து மூவர்க்கு ஒன்றேனும் கிட்டாது.

1936 தேர்தலின் பின்னர் இவ்வாறே குழுக்கள் வகுக்கப்பெற்றன. ஏழு மந்திரிகளும் சிங்களவராகவே வந்தனர். முதற்சபையில் மந்திரிகளாயிருந்த பெரி. சுந்தரமும் எச். எம். மாக்கான் மாக்காரும் வகித்த இடங்களில் வேறிருவர் அமர்ந்தனர். இதற்குரிய கணக்கை வகுத்துக் கொடுத்தவர் கணிதப் பேராசிரியர் சி. சுந்தரலிங்கம் என்று பலரும் எழுதியுள்ளனர். தமிழர் ஒருவர் வகுத்த கணக்காலேயே தமிழர்க்கு மந்திரிப்பதவி இல்லாது போயிற்று எனின், அதை விதியின் நகை என்பதா, கணிதத்தின் நடுநிலை என்பதா? 1942இல் அ. மகாதேவா உள்நாட்டு மந்திரியாகும்வரை அவ்வமைப்பு மாறவில்லை.

இதனால் நாம் அறிவது யாது? இரகசிய வாக்கெடுப்பும் பெரும்பான்மையும் தம்மளவில் நீதியை நல்கிவிடா. ஒவ்வொரு அறையிலும் விதி வழுவாமல் வாக்கெடுத்து, ஏழறைகளையும் கூட்டிப் பார்க்கும்போது பெரியதோர் அநீதி விளைந்திருத்தல் கூடும். அங்கே எவரும் சட்டத்தை மீறவில்லை, மீறாமலே செய்துமுடித்தனர்.

வேலிக்கு அப்பால்

அந்த இரண்டாம் சபையின் காலத்திலே, எஸ். டபிள்யூ. ஆர். டி. பண்டாரநாயக்கா தலைமை தாங்கிய உள்ளூராட்சிக் குழுவின் பொறுப்பில் கிராமச் சங்கங்களைப் பற்றிய சட்டத்திருத்தம் ஒன்று வந்தது. ஐரோப்பியர், பறங்கியர் ஆகியோர்க்கு முன்பு இருந்த தடை நீங்கிற்று. இந்தியத் தோட்டத் தொழிலாளர்க்கு உரிய தடை மாத்திரம் நீங்கவில்லை. இன வேற்றுமை காட்டும் சட்டம் என்று இந்திய அரசாங்கத்திடமிருந்து கண்டனம் எழுந்தது. உடனே 'இந்திய' என்ற அடைமொழி அகன்றது. தோட்டத்துக் குடியிருப்பில் வாழும் தொழிலாளர் எவர்க்கும் கிராமச் சங்க வாக்கு இல்லை என்று வாசகம் மாறிற்று. இனத்தின் பெயரால் நின்ற வேலி இடத்தின் பெயரால் நிலைபெற்றது. தோட்டங்களில் வாழ்ந்தோருட் பெரும்பாலார் எவர் என்பதைச் சொல்லவும் வேண்டுமோ?

அவ்வேலியின் நிழல் மிக நீண்டது. 1987ஆம் ஆண்டின் பிரதேச சபைகள் சட்டத்திலும், 33ஆம் பிரிவின் வடிவில், தோட்டக் குடியிருப்புகளுக்குப் பிரதேச சபையின் பணத்தைச் செலவிடுதற்குத் தடையாயிருந்த வாசகம் இடம்பெற்றது. லயத்துக்குச் செல்லும் பாதை குண்டும் குழியுமாகக் கிடந்தமைக்குச் சபையின் சோம்பல் மட்டும் காரணமன்று. சட்டமே கையைக் கட்டியிருந்தது. 2018இல் நிறைவேறிய திருத்தத்தினால் அந்தக் கட்டு அவிழ்ந்தது. 1930களில் ஒரு குழுவின் மேசையில் வைக்கப்பட்ட சொற்றொடரை நாடு திருத்திக்கொள்ள எண்பது ஆண்டுகள் வேண்டியிருந்தன.

ஏழு ஆசனங்கள்

சோல்பரி அரசியலமைப்போடு நிர்வாகக் குழுக்கள் மறைந்தன. பிரதமரும் அமைச்சரவையும் தோன்றினர். 1947 தேர்தலில் இலங்கை இந்தியன் காங்கிரஸ் ஏழு ஆசனங்களை வென்றது. அவ்வெழுவருள், தலவாக்கலைத் தொகுதியின் உறுப்பினராக வந்த சி. வி. வேலுப்பிள்ளை, தேயிலைத் தோட்டத்து வாழ்வைக் கவிதையாக்கிய எழுத்தாளர் என்பதை இலக்கிய அன்பர்கள் அறிவர்.

அடுத்த ஆண்டிலேயே பிரஜாவுரிமைச் சட்டம் வந்தது. 1948 ஆகஸ்டில் பாராளுமன்றத்தில் நிறைவேறி, நவம்பர் 15ஆம் நாள் நடைமுறைக்கு வந்த அச்சட்டத்தினால், ஏழு இலட்சத்துக்கு மேற்பட்ட மலையகத் தமிழர் நாடற்றவராயினர். இந்திய பாகிஸ்தானியர் பிரஜாவுரிமைச் சட்டமும், பிரஜைகளுக்கே வாக்கு என்று வரையறுத்த தேர்தல் திருத்தச் சட்டமும் 1949இல் தொடர்ந்தன. 1952 தேர்தலில் அந்த ஏழு ஆசனங்களில் ஒன்றேனும் காங்கிரசுக்கு இல்லை. கொழும்பிலே சத்தியாக்கிரகம் நடந்தது. கோடகன்பிள்ளையின் வழக்கு இலண்டன் பிரிவிக் கவுன்சில்வரை சென்று 1953இல் தோற்றது. சட்டத்தின் வாசகத்தில் இனத்தின் பெயர் இல்லாதவரை அதன் விளைவை நீதிமன்றம் நோக்குவது அரிது என்பதை அவ்வழக்கு உணர்த்திற்று.

பின்னர் நிகழ்ந்தவை விரைவிற் சொல்லத்தக்கவை. ஆயினும் வாழ்ந்தவர்க்கு அவை விரைவில் கழிந்தனவல்ல. 1964 அக்டோபர் 30ஆம் நாள் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் லால் பகதூர் சாஸ்திரியும் ஒப்பமிட்ட உடன்படிக்கை, ஒன்பது இலட்சத்து எழுபத்தையாயிரம் மக்களை எண்ணிக்கையாக்கிப் பங்கிட்டது: 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, எஞ்சிய 1,50,000 பேர் பின்னொரு பேச்சுக்கு. அப்பின்னொரு பேச்சு 1974இல் நிகழ்ந்து, அவர்களைச் சரிபாதியாகப் பிரித்தது. எத்தனை குடும்பங்களில் அண்ணன் ஒரு கரையிலும் தம்பி மறுகரையிலும் ஆயினர்! கண்டி நிலையத்திற் புகைவண்டி ஏறினோரின் கண்ணீரை எந்த ஹன்சார்ட் ஏடும் பதிந்து வைக்கவில்லை. 1988இல் ஒரு சட்டம், இறுதியில் 2003இல் ஒரு சட்டம். 2003 அக்டோபர் 7ஆம் நாள், இந்திய வம்சாவளியினர்க்குப் பிரஜாவுரிமை வழங்கும் மசோதா பாராளுமன்றத்தில் ஒருமனதாக நிறைவேறியது. எதிர்த்து ஒரு குரலும் இல்லை. 1948இற் பறித்ததை மீளக் கொடுக்க ஐம்பத்தைந்து ஆண்டுகள். கொடுத்த நாளிலோ மறுப்பவர் ஒருவருமில்லை. மறுப்பவர் இல்லாத நீதிக்கு இத்தனை காலம் காத்திருப்பு ஏன் என்ற வினாவை வரலாற்று ஆசிரியர்கள் வகுப்பறையில் எழுப்பவேண்டும்.

குழுநிலையில் ஒரு திருப்பம்

குழுவின் ஆற்றல் பழங்கதையென்று எண்ணவேண்டா. பாராளுமன்றத்தில் மசோதா இரண்டாம் வாசிப்பைக் கடந்ததும், முழுச் சபையே குழுவாக அமர்ந்து பிரிவு பிரிவாக ஆராயும் நிலையொன்று உண்டு, அதுவே குழுநிலை. சிறு பிழைகளைக் களைவதற்கும் வாசகத்தைச் செப்பஞ்செய்வதற்கும் ஏற்பட்டது அது. 2017 செப்டம்பர் 20ஆம் நாள் மாகாண சபைத் தேர்தல் திருத்த மசோதா இந்நிலைக்கு வந்தது. பெண் வேட்பாளர்க்கு உரிய பங்கை உறுதிசெய்வதற்கென்று கொணரப்பட்ட மசோதா, குழுநிலையிற் புகுத்தப்பெற்ற நெடிய திருத்தங்களினால் தேர்தல் முறையையே மாற்றும் மசோதாவாகி அன்றே நிறைவேறிற்று. உள்ளே சென்றது ஒன்று. வெளியே வந்தது மற்றொன்று.

புதிய முறைக்குத் தொகுதி எல்லைகள் வேண்டும். எல்லை நிர்ணய அறிக்கை 2018 ஆகஸ்ட் 24ஆம் நாள் வாக்குக்கு வந்தபோது எதிர்த்தோர் 139 பேர், ஆதரித்தவர் எவருமிலர். முன்மொழிந்த அமைச்சரே எதிர்த்து வாக்களித்தார். பழைய முறை போயிற்று; புதிய முறை வரவில்லை. தெல்தோட்டையை உள்ளடக்கிய மத்திய மாகாண சபையின் பதவிக்காலம் அதே ஆண்டில் முடிந்தது. அதன்பின் ஆண்டுகள் பல கழிந்தும் தேர்தல் நடைபெறவில்லை. பாடசாலைகளிற் பெரும்பாலானவை மாகாண சபையின் பொறுப்பில் உள்ளவை என்பதை நோக்கின், ஒருநாள் மாலைக் குழுநிலையில் உயர்ந்த கைகள் ஆசிரியரின் மேசைவரை எட்டியிருப்பது புலப்படும்.

நாம் செய்யத்தக்கது

குழுமுறை தீயது என்று கூறுவது எமது கருத்தன்று. கல்வி மந்திரி சி. டபிள்யூ. டபிள்யூ. கன்னங்கராவின் தலைமையில் ஆராய்ந்த விசேட குழுவின் 1943ஆம் ஆண்டு அறிக்கையிலிருந்தே 1945இல் இலவசக் கல்வி பிறந்தது. ஏழை மகன் பல்கலைக்கழகம் சென்றதும் குழுவறையின் பயனே. அந்த நற்பயன் தோட்டத்துப் பள்ளியின் வாசலை அடைய மேலும் பல்லாண்டுகள் சென்றன என்பது வேறொரு துயரம். ஆகவே குழுவறையின் நன்மையும் தீமையும் அங்கே அமர்வோரையும், அவர்களை நோக்கியிருப்போரையும் பொறுத்தவை.

அமர்வோரைத் தேர்வது ஐந்தாண்டுக்கு ஒருமுறை. நோக்கியிருப்பதோ நாள்தோறும் செய்யத்தக்கது. மசோதா வர்த்தமானியில் வெளியாகும். குழுக்களின் அறிக்கைகள் அச்சாகும். எந்தப் பிரிவுக்கு எவர் கையுயர்த்தினார் என்பது பெயர்குறித்து வாக்கெடுத்தபோது ஹன்சார்டில் நிற்கும். இவற்றைத் தமிழிற் பெறுதல் நம் உரிமை. பெற்றபின் படித்தல் நம் கடமை. வாசகசாலைகளும் இலக்கிய வட்டங்களும் மாதம் ஒரு மாலையை இதற்கு ஒதுக்குதல் ஆகாதா? புதுக்கவிதையின் ஒரு வரிக்கு நான்கு பொருள் காணும் நம் திறனாய்வாளர், மசோதாவின் ஒரு வரிக்கு இரண்டு பொருள் காண்பாராயின் நாட்டுக்கு எத்துணை நன்மை!

பாடசாலைகளில் மாணவர் பாராளுமன்றங்கள் நடைபெறுகின்றன. அங்கும் பிள்ளைகள் மேடைப்பேச்சையே விரும்புகின்றனர். ஆசிரியர்கள் அவர்களை எண்மர் எண்மராகக் குழுவில் அமர்த்தி, சிறிய விதியொன்றைக் கொடுத்து, சொற்சொல்லாகத் திருத்தி வாக்கெடுக்கச் செய்யட்டும். தோற்றவனின் காரணத்தையும் அறிக்கையில் எழுதச் செய்யட்டும். ஐயேழு முப்பத்தைந்து என்ற கணக்கையும் கரும்பலகையில் இட்டு, அது முறையா, நீதியா என்று வினவட்டும். இரண்டுக்கும் இடையேயுள்ள வேற்றுமையைப் பதினைந்து வயதில் உணர்ந்துகொண்ட பிள்ளை, ஐம்பது வயதிற் குழுவறை மேசையில் அமரும்போது தன் கையை உயர்த்துமுன் ஒருகணம் சிந்திக்கும். லூல்கந்துரை மலைச்சரிவில் கொழுந்து கொய்யும் தாயின் மகளும் அம்மேசையில் அமரத்தக்கவளே. அவள் அமரும் நாளில், அவள் முன் வைக்கப்படும் மசோதாவை வரிவரியாகப் படிக்கும் பயிற்சியை இன்றே அவளுக்கு அளிப்போமாக.